தேன் பெட்டிக்குள் ஒரு திருடன்!

புதிதாகத் தேனீ வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது என்ன?

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரிகிறது. தண்ணீருக்குப் பஞ்சம் இல்லாத நாட்களில் அந்தப் பக்கம் பார்க்க வேண்டுமே! ஒரு பக்கம் வாழை. ஒரு பக்கம் தென்னை. நடுவே நெல் வயல். சம்பா அறுவடை முடிந்த பிறகு எள்ளும் உளுந்தும் பயறும் பூக்கும்.

நெல்லில் தேனீக்குத் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும் கொஞ்சம் உண்டு. ஆனால், தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுகிறது. வாழைப் பூவில் தேன் துளி துளியாக நிற்கிறது. எள் பூத்துவிட்டால் தேனீக்குக் கல்யாண வீடுதான்.

ஆகவே, "வீட்டுக்குப் பின்னால் இரண்டு தேனீப் பெட்டி வைத்தால் என்ன?" என்று ஒரு குடும்பம் ஆசைப்படுவது இயற்கை. வைக்கலாம். தாராளமாக வைக்கலாம்.

ஆனால், பெட்டியை வாங்கி வரும்போது தேனீ மட்டும் வருவதில்லை. டிக்கெட் வாங்காத பயணி ஒருவனும் கூடவே வருகிறான்!

கடுகளவு உருவம்

மாட்டுக்கு உண்ணி பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். தேனீக்கும் உண்ணி உண்டு என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

அந்த உண்ணியின் பெயர் வரோவா. நிறம் செம்பழுப்பு. அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கடுகளவுதான். ஆனால், தேனீ எவ்வளவு பெரியது? ஒரு மனிதன் சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள ஒரு பூச்சியை உடம்பில் சுமந்துகொண்டு நடந்தால் எப்படி இருக்கும்? தேனீயின் நிலைமை அதுதான்.

1904-ல் ஜாவா தீவில் கிடைத்த உண்ணியை வைத்து, ஔடெமன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி இதை முதலில் உலகத்துக்கு அறிவித்தார். வரோ என்பவர் பழைய ரோமாபுரியில் வாழ்ந்த அறிஞர். விவசாயத்தைப் பற்றியும் தேனீயைப் பற்றியும் எழுதியவர். அவருடைய பெயரைத்தான் இந்தப் பூச்சிக்கு வைத்தார்கள். பாவம், அந்த மனிதர்!

இது தேனீயின் ரத்தத்தைக் குடிக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2019-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி வேறு கதை சொன்னது. வளர்ந்த தேனீயின் உடம்பில் உள்ள கொழுப்புச் சதையைத்தான் இது முக்கியமாகத் தின்கிறது. நமக்குக் கல்லீரல் எப்படியோ, தேனீக்கு அந்தக் கொழுப்பு அப்படி. நோய் வராமல் காப்பதும் அதுவே.

அது மட்டுமா? கடித்த இடத்தின் வழியாக நோய்க் கிருமியையும் ஏற்றிவிடுகிறது. அப்படிப்பட்ட கூட்டில் பிறக்கும் தேனீக்கு இறக்கை சுருங்கிப் போய்விடும். பறக்க முடியாது. பெட்டியின் வாசலில் விழுந்து நடந்தே சாகும்.

தொட்டிலுக்குள் திருட்டு

இந்த உண்ணி குட்டி போடும் இடம் எது தெரியுமா? தேனீக் குழந்தையின் தொட்டில்!

ராணித் தேனீ அடையின் அறைகளில் முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து புழுவாகிறது. ஒன்பதாம் நாள் வாக்கில் வேலைக்காரத் தேனீக்கள் அந்த அறையை மெழுகால் மூடிவிடுகின்றன. உள்ளே புழு கூட்டுப்புழுவாகி, தேனீயாகி, முட்டையிட்ட 21-ம் நாள் வெளியே வருகிறது.

அறையை மூடுவதற்குச் சற்று முன்பு, தாய் உண்ணி நைஸாக உள்ளே நுழைந்துவிடுகிறது. மூடிய பிறகு மூன்றாம் நாள் வாக்கில் முட்டையிடத் தொடங்குகிறது. முதல் முட்டை ஆண். பிறகு வருவதெல்லாம் பெண். அந்த அறைக்குள்ளேயே அவை வளர்ந்து, இணைந்து, தேனீ வெளியே வரும்போது கூடவே வெளியே வருகின்றன. ஆண் உண்ணி மட்டும் அங்கேயே செத்துவிடும்.

ஆண் தேனீக்கு இன்னும் சில நாள் கூடுதலாக, 24 நாள் ஆகும். தொட்டிலில் அதிக நாள் இருந்தால் உண்ணிக்கு அதிகக் குட்டி. அதனால் ஆண் தேனீயின் அறை என்றால் வரோவாவுக்கு உயிர்.

புழு நிறைந்த காலத்தில் ஒரு மாதத்துக்குள் உண்ணிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிடும். தையில் 100 இருந்தால் மாசியில் 200. பங்குனியில் 400. சித்திரையில் 800. ஆனி பிறக்கும்போது பெட்டி காலி!

வெள்ளைக்காரர்களின் நாட்டில் குளிர்காலம் வந்தால் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். தொட்டில் இல்லை, உண்ணிக்குக் குட்டியும் இல்லை. காவிரிக் கரையில் அப்படி ஒரு குளிர்காலம் ஏது? மார்கழிப் பனியெல்லாம் ராணிக்கு ஒரு பொருட்டே அல்ல. ராணிக்கும் விடுமுறை இல்லை, உண்ணிக்கும் விடுமுறை இல்லை. வெளிநாட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் நாட்காட்டியை அப்படியே இங்கே பின்பற்ற முடியாததற்குக் காரணம் இதுதான்.

எந்தத் தேனீ?

வைத்தியம் தொடங்கும் முன் ஒரு கேள்வி. வாங்கி வந்தது எந்த ஜாதித் தேனீ?

மரப்பொந்திலும் சுவரிலும் அடுக்கடுக்காக அடை கட்டுவது நம் நாட்டுத் தேனீ. அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்று கிராமத்தில் சொல்வார்கள். இந்தியத் தேனீ என்பதும் இதுதான். 1911 முதல் 1917 வரை திருச்சிப் பக்கத்தில் பாதிரியார் நியூட்டன் என்பவர் கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக் கொடுத்தார். இந்தத் தேனீக்கு ஏற்ற அளவில் ஒரு பெட்டியும் செய்தார். 'நியூட்டன் பெட்டி' என்று அவர் பெயரால் அது தென்னாட்டில் இன்றும் வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு நிலையத்தில் இந்தத் தொழிலைப் பரப்பினார்.

வரோவாவின் பழைய வீடு இந்த ஆசியத் தேனீயின் கூடுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். ஆகவே, நம் தேனீக்கு அதைச் சமாளிக்கத் தெரியும்.

எப்படி?

ஒரு தேனீயின் மேல் உண்ணி ஏறினால் அது உடம்பை உதறும். பக்கத்துத் தேனீக்கள் வந்து பொறுக்கி எடுக்கும். தாய் மகளுக்குப் பேன் பார்ப்பது போலத்தான்! வேலைக்காரத் தேனீயின் அறைக்குள் உண்ணி நுழைந்தால் அந்தப் புழு சீக்கிரமே செத்துப் போகும். மற்றத் தேனீக்கள் அதை இழுத்து வெளியே எறிந்துவிடும். உண்ணிக்குக் குட்டி போட நேரமே கிடைக்காது. ஆண் தேனீயின் அறையில் உண்ணி மிகுந்துவிட்டால், அந்தக் கூட்டுப்புழு வெளியே வர முடியாமல் அறைக்குள்ளேயே சமாதி ஆகிவிடும். உண்ணியும் அதோடு சமாதி!

ஆகவே, நாட்டுத் தேனீ பிடித்து வந்தவர்கள் வரோவாவுக்கு அஞ்சி மருந்தும் திராவகமும் தேட வேண்டியதில்லை. கூட்டைச் சுத்தமாக வைத்தாலே போதும். வீணாக மருந்து வைத்தால் தேன்தான் கெடும்.

இத்தாலியிலிருந்து வந்த விருந்தாளி

அப்படியானால் தொல்லை யாருக்கு? இத்தாலியத் தேனீக்கு.

1962-ல் நக்ரோட்டா பக்வான் என்ற ஊரில் விஞ்ஞானி அத்வால் இந்தத் தேனீயை வெற்றிகரமாக நிலைநாட்டினார். அந்த ஊர் அன்று பஞ்சாபில் இருந்தது. இன்று இமாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. இந்தத் தேனீ சாதுவானது. நாட்டுத் தேனீயைவிடப் பல மடங்கு தேன் தரும். கூட்டை விட்டு ஓடிப் போகும் குணமும் குறைவு.

தென்னாட்டில் வெகுகாலம் இதற்கு மவுசு இல்லை. 1991, 1992-ல் எல்லாம் தலைகீழாயிற்று. தாய்லாந்துப் பை நோய் என்ற வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் தண்ணீர்ப் பை போல ஊதிச் செத்தன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் நாட்டுத் தேனீக் கூடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுக் கண்ணீர் விட்ட குடும்பங்கள் எத்தனையோ! அதற்குப் பிறகுதான் பலர் இத்தாலியத் தேனீயை நாடினார்கள். பை நோய் அதை அப்படித் தாக்குவதில்லை.

ஆனால், இந்த விருந்தாளிக்கு வரோவாவைத் தெரியாது. பேன் பார்க்கவும் சரியாகத் தெரியாது. வேலைக்காரத் தேனீயின் அறையிலேயே உண்ணி தாராளமாகக் குட்டி போட்டுவிடும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு ஆண்டில் கூடு அழிவது நிச்சயம்.

இந்த உண்ணி உலகம் முழுவதும் பரவிவிட்டது. அமெரிக்காவுக்கு 1987-ல் போயிற்று. இங்கிலாந்துக்கு 1992-ல். ஆஸ்திரேலியா மட்டும் வெகுநாள் தப்பியிருந்தது. 2022 ஜூன் மாதம் நியூகாசில் துறைமுகத்தில் காவலுக்கு வைத்திருந்த பெட்டிகளில் உண்ணியைக் கண்டுபிடித்தார்கள். பல ஆயிரம் பெட்டிகளை அழித்துப் பார்த்தார்கள். பயன் இல்லை. 2023 செப்டம்பரில் "இனி ஒழிக்க முடியாது" என்று கை விட்டுவிட்டார்கள்.

பணமும் படையும் உள்ள ஒரு தேசத்துக்கே இந்தக் கதி!

கோபுரத்திலிருந்து வரும் எதிரி

நம் பக்கத்தில் இன்னோர் உண்ணியும் உண்டு. அதன் பெயர் டிரோபிலேலாப்ஸ். பெயர்தான் வாயில் நுழையாது. உருவம் வரோவாவைவிடச் சிறியது. ஒல்லியாக, நீளவாட்டில் இருக்கும். அடையின் மேல் குடுகுடு என்று ஓடும். 1961-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் செத்த தேனீக்களின் மேலும், தேன் பெட்டிக்குப் பக்கத்தில் வளை வைத்திருந்த வயல் எலிகளின் மேலும் கிடைத்ததை வைத்து இதற்குப் பெயர் சூட்டினார்கள்!

இதன் சொந்த வீடு மலைத்தேனீயின் கூடு. மலைத்தேனீ மலையில் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். உயரமான கோபுரங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் ஆலமரக் கிளைகளிலும் முறம் போல ஒற்றை அடை தொங்குகிறதே, அதுதான். பக்கத்தில் இத்தாலியத் தேனீப் பெட்டி இருந்தால் இந்த உண்ணி அங்கே குடி வந்துவிடும். பஞ்சாபில் இத்தாலியத் தேனீ வந்த சில ஆண்டுகளிலேயே இந்தத் தொல்லையும் வந்துவிட்டது.

இதற்கு ஒரு பலவீனம் உண்டு. வளர்ந்த தேனீயைக் கடிக்க இதற்கு வாய் போதாது. புழு இருந்தால்தான் சாப்பாடு. புழு இல்லாத கூட்டில் சில நாளில் பட்டினியால் செத்துவிடும். இந்த இரகசியத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உதவும்.

பெட்டி வந்து இறங்கியதும்

புதுப் பெட்டியைப் பழைய பெட்டிகளோடு சேர்த்து வைக்கக் கூடாது. தோட்டத்தின் மறு கோடியில் தனியாக வையுங்கள். சில வாரம் போகட்டும். அடைச் சட்டங்களை மாற்றி மாற்றி வைக்காதீர்கள். அங்கே பயன்படுத்திய கத்தியையும் கையுறையையும் கழுவாமல் இங்கே கொண்டு வராதீர்கள்.

பிறகு, உண்ணி எத்தனை என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்கு வீட்டுச் சர்க்கரை போதும்!

அகன்ற வாய்ப் பாட்டில் ஒன்றை எடுத்து, மூடிக்குப் பதிலாகக் கம்பி வலையைக் கட்டுங்கள். வலைக் கண் வழியாக உண்ணி விழ வேண்டும். தேனீ விழக் கூடாது. புழு உள்ள சட்டத்திலிருந்து அரை டம்ளர் தேனீக்களைப் பாட்டிலுக்குள் உதறுங்கள். ஏறக்குறைய 300 தேனீ இருக்கும். ராணி அந்தச் சட்டத்தில் இல்லை என்று முதலில் நிச்சயம் செய்துகொள்வது முக்கியம். மாவாகப் பொடித்த சர்க்கரை இரண்டு கரண்டி வலை வழியாகப் போட்டு மெதுவாக உருட்டுங்கள். இரண்டு நிமிஷம் நிழலில் வையுங்கள். பிறகு, வெள்ளைத் தட்டின் மேல் பாட்டிலைக் கவிழ்த்து நன்றாகக் குலுக்குங்கள்.

சர்க்கரை ஒட்டியதும் உண்ணியின் பிடி வழுக்கிவிடும். தட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்துவிடும். சிவந்த புள்ளிகள் தெரியும். அவைதான் திருடர்கள்! எண்ணிப் பாருங்கள்.

தேனீக்களைத் திரும்பப் பெட்டியில் விட்டுவிடலாம். வெள்ளை வேஷ்டி கட்டிய மாப்பிள்ளைகள் போலப் போய்ச் சேரும். மற்றத் தேனீக்கள் நக்கிச் சுத்தம் செய்துவிடும்.

நூறு தேனீக்கு மூன்று உண்ணி, அதாவது 300 தேனீக்கு ஒன்பது இருந்தால் வைத்தியம் தள்ளிப் போடக் கூடாது.

டிரோபிலேலாப்ஸ் இந்தச் சோதனையில் அவ்வளவாக அகப்படாது. அது பெரும்பாலும் புழு அறையில்தான் இருக்கும். மூடிய சில அறைகளை ஊசியால் திறந்து பார்க்க வேண்டும்.

முதல் வாரம் பொன்னானது

இப்போது முக்கியமான விஷயம்.

எந்த மருந்தானாலும் தேனீயின் மேல் உட்கார்ந்திருக்கும் உண்ணியைக் கொல்வது எளிது. மூடிய அறைக்குள் இருக்கும் உண்ணியைக் கொல்வது கடினம்.

கூட்டமாகப் பிரிந்து வந்த தேனீயைப் புதுப் பெட்டியில் குடி வைத்தால், அங்கே அடையும் இல்லை, புழுவும் இல்லை. எல்லா உண்ணியும் வெளியேதான் இருக்கும். ஒளிய இடம் கிடையாது! ராணி முட்டையிட்டு, புழு வளர்ந்து, அறை மூட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு வாரம்தான் சந்தர்ப்பம். "தேனீ முதலில் நிலைக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் விடுகிறவர்கள் அந்தச் சந்தர்ப்பத்தை வீணாக்குகிறார்கள்.

அடையோடும் புழுவோடும் பெட்டியை விலைக்கு வாங்கியவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கும் வழி உண்டு. ராணியைச் சிறு வலைக் கூண்டில் அடைத்துப் பெட்டிக்குள்ளேயே வைப்பார்கள். வேலைக்காரத் தேனீக்கள் வலை வழியாக ராணிக்கு ஊட்டிவிடும். முட்டை இல்லை, புதிய புழு இல்லை. 24 நாளில் பழைய புழுக்கள் எல்லாம் தேனீயாகி வெளியே வந்துவிடும். டிரோபிலேலாப்ஸ் பட்டினியில் சாகும். வரோவா வெளியே வந்து மருந்துக்கு அகப்படும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

ராணியைக் கையால் பிடிக்கப் புதியவர்கள் அஞ்சுவார்கள். பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ராணி நசுங்கினால் எல்லாம் போயிற்று.

எறும்பின் திராவகம்

புழு இல்லாத கூட்டுக்கு ஆக்ஸாலிக் அமிலம் உண்டு. சர்க்கரைப் பாகில் கலந்து சட்டங்களுக்கு நடுவே சொட்டு விடுவது ஒரு முறை. கண்ணளவில் கலக்கும் மருந்து அல்ல இது. அளவு மீறினால் தேனீயே சாகும். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேனீ வளர்ப்புக்குப் பயிற்சி தருகிறது. அளவை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூடிய அறைக்குள்ளும் போய்க் கொல்லக் கூடியது பார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அந்தத் திராவகம்தான்! மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் பாலை உறைய வைப்பதற்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் வழக்கமாகச் சொல்லும் முறை இது: 85 சதவீத அமிலம் 5 மில்லி, சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பஞ்சுத் திரி போட்டுப் பெட்டியின் அடிப்பலகையில் வைப்பது. தினமும் நிரப்பி இரண்டு வாரம் வரை வைப்பார்கள். ஆவி மெழுகு மூடியைத் தாண்டி உள்ளே போகும்.

எச்சரிக்கை! இந்தத் திராவகம் கையில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வை போகும். ரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

இன்னொன்று, வெயில். பங்குனி, சித்திரையில் தஞ்சாவூர் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் ஆவி ஒரேயடியாகக் கிளம்பி ராணியையே கொன்றுவிடக் கூடும். இதற்கு ஏற்ற காலம் கார்த்திகை முதல் தை வரை. அப்போதும் மாலை நேரம்தான் நல்லது.

கந்தகத் தூளும் உண்டு. டிரோபிலேலாப்ஸுக்கு அது ஏற்றது. சட்டத்துக்கு 200 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, மேல்கட்டையில் தூவுவார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் தூவுவார்கள். புழுவின் மேல் கொட்டினால் புழு சாகும்.

"வயலுக்கு அடிக்கும் மருந்தையே கொஞ்சம் காட்டினால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது! தேனீயும் பூச்சிதான் என்பதை மறக்கலாமா? தப்பிப் பிழைக்கும் தேனீயின் தேனிலும் மெழுகிலும் அந்த விஷம் இருக்கும். அந்தத் தேனைத்தான் குழந்தையின் நாக்கில் தடவப் போகிறோமா?

திராவகம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆண் தேனீயின் அறை உள்ள அடைத் துண்டை, அறை மூடிய பிறகு வெட்டி எடுத்துவிடுங்கள். தொட்டிலோடு திருடனும் வெளியே வந்துவிடுவான். வெட்டிய துண்டைக் கோழிக்குப் போடலாம். நாலைந்து முறை இப்படிச் செய்தால் உண்ணி வெகுவாகக் குறையும். அடியோடு ஒழியாது.

வைத்தியம் முடிந்த பத்து நாள் கழித்து மறுபடியும் சர்க்கரைப் பாட்டிலை எடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்திருக்கிறதா? குறையவில்லை என்றால் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டியிலிருந்து வந்திருக்கவும் கூடும். வலுவிழந்த கூட்டில் தேன் திருடப் போகும் தேனீ, உண்ணியையும் சுமந்து வந்துவிடும். அப்போது இரு வீட்டாரும் பேசி, ஒரே வாரத்தில் வைத்தியம் செய்ய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடை மழையில் பூ குறைவு. அந்த மாதங்களில் சர்க்கரைப் பாகு வைத்துத் தேனீக்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். தேன் எடுப்பது இல்லை. ஆகவே, வைத்தியத்துக்கும் அதுவே தோது. தையில் ஒரு முறை எண்ணிப் பார்த்து, குப்பியையும் திரியையும் வெளியே எடுத்துவிட வேண்டும். எள் பூக்கத் தொடங்கிய பிறகுதான் மேலே தேன் அறையை ஏற்றி வைக்கலாம்.